இறங்காமல் மேலெழும் துணிவு

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. ஜவ்வாது மலையடிவாரத்தில் வாழும் திருப்பத்தூர் மக்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. அக்காற்றில் ஏரிக்கரையில் இறங்கும் கொக்கைச் சற்று நின்று கவனிப்போமாயின் ஓர் உண்மை புலப்படும். எத்திசையிலிருந்து பறந்து வந்தாலும், இறங்கும் வேளையில் அது காற்றுக்கு முகம் கொடுத்தே இறங்குகிறது. நூற்றுக்கணக்கானோரைச் சுமந்து வரும் ஆகாய விமானத்துக்கும் அதுவே விதி.

நம் ஊரில் விமான நிலையம் இல்லை. ஆயினும், வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற பிள்ளையை எதிர்பார்த்து, சென்னையிலோ பெங்களூரிலோ விமான நிலைய வாயிலில் காத்து நிற்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. “விமானம் இறங்கவில்லை, மறுபடியும் மேலே போய்விட்டது” என்ற செய்தி கேட்டால் அவர்கள் நெஞ்சம் பதறுவது இயல்பே. அச்செய்தி உண்மையில் அஞ்சத்தக்கதுதானா?

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. பின்னர் அது உள்நாட்டில் புகுந்து, நம் அண்டை ஊராகிய ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். கரை கடந்த அன்று மும்பையிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானம் ஒன்று, ஓடுபாதையைத் தொடும் தறுவாயில் காற்றில் தள்ளாடியது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறுகணமே விமானி எந்திரங்களின் விசையைக் கூட்டி, விமானத்தை மீண்டும் வானில் ஏற்றிவிட்டார். அக்காட்சியைப் படத்தில் கண்டோர் பலர் திகைத்தனர். அன்று நண்பகல் முதல் விமான நிலையமே மூடப்பட்டு, மறுநாள் அதிகாலையில்தான் மீண்டும் இயங்கியது.

காற்று ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது? விமானத்தைத் தாங்குவது அதன் இறக்கைகளின் மீது ஓடும் காற்றே. இறங்குகையில் அது காற்றினூடே மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது எனக் கொள்வோம். எதிர்க்காற்று 50 கிலோமீட்டர் வீசினால், தரையைத் தொடும் வேகம் 200 ஆகக் குறைகிறது. அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 300 ஆகிவிடுகிறது. அப்போது அடக்க வேண்டிய ஆற்றல் இரு மடங்குக்கும் அதிகம். ஆகவேதான் பயணி விமானங்கள் பலவற்றுக்குப் பின்காற்றின் அளவு 10 அல்லது 15 நாட்டைத் தாண்டலாகாது என வரம்பு வகுத்துள்ளனர். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

ஆனால் புயற்காற்று ஓடுபாதையின் திசை பார்த்தா வீசுகிறது? பக்கவாட்டில் அடிக்கும் காற்றைச் சமாளிக்க விமானி ஓர் உத்தியைக் கையாளுகிறார். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர், சேர வேண்டிய துறைக்கு நேராகத் துடுப்பு வலிப்பதில்லை. நீரோட்டத்துக்கு எதிராகச் சற்றே மேல்நோக்கித் திருப்பி வலிக்கிறார். அவ்வாறே விமானமும் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி, நண்டு நகர்வதுபோல் ஓடுபாதையை நெருங்குகிறது. தரையைத் தொடுமுன் சில நொடிகளில் சுக்கானை அழுத்தி மூக்கை நேராக்கி, காற்று வரும் பக்கத்து இறக்கையைச் சற்றுத் தாழ்த்தி இறக்குகிறார் விமானி. ஏர்பஸ் 320 வகை விமானம் 38 நாட் வரையிலான பக்கக் காற்று வீச்சில் இறங்கிக் காட்டியிருக்கிறது. அது மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர்.

சீரான காற்றைவிடக் கொடியது, நொடிக்கு நொடி மாறும் காற்று. எதிர்க்காற்று திடீரென ஓய்ந்தால் இறக்கையின் தாங்கு சக்தியும் உடனே குன்றும். 1985 ஆகஸ்டு 2 அன்று அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், இடிமேகத்திலிருந்து பாய்ந்திறங்கிய காற்றில் சிக்கிய விமானம் வீழ்ந்து 137 பேர் மாண்டனர். அதன்பின்னரே இத்தகைய காற்றை முன்கூட்டி உணர்த்தும் கருவிகள் விமானங்களில் பரவலாயின.

கருவிகள் எத்தனை இருந்தாலும் இறுதி முடிவு மனிதருடையது. 2020 ஆகஸ்டு 7 அன்று துபாயிலிருந்து கோழிக்கோடு வந்த விமானம், கொட்டும் மழையில் முதல் முறை இறங்காமல் மேலெழுந்தது. இரண்டாம் முறை எதிர்முனையிலிருந்து, பின்காற்றோடு இறங்க முயன்றது. 2,700 மீட்டர் ஓடுபாதையில் ஏறத்தாழப் பாதியைக் கடந்தபின்னரே சக்கரங்கள் தரையைத் தொட்டன. மேலெழுமாறு துணை விமானி கூறியும் விமானம் எழவில்லை என்று, 2021-இல் வெளியான விசாரணை அறிக்கை தெரிவிக்கிறது. குன்றின் மேலமைந்த அப்பாதையின் எல்லையைத் தாண்டி, விமானம் சரிவில் விழுந்து உடைந்தது. அதிலிருந்த 190 பேரில் விமானிகள் இருவர் உட்பட 21 பேர் உயிரிழந்தனர்.

சென்னையில் மேலெழுந்த விமானத்தையும் கோழிக்கோட்டில் எழாத விமானத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மீண்டும் மேலெழுவது தோல்வியன்று, பயின்று பெற்ற திறமை என்பது விளங்கும். அவ்வாறு எழுந்ததற்காக விமானியைத் தண்டிக்கலாகாது என விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் அறிவுறுத்தியுள்ளது. வேறொரு நிலையத்துக்குச் செல்லவும், அதற்கு மேலும் அரை மணி நேரம் வட்டமிடவும் போதிய எரிபொருள் இன்றிப் பயணி விமானங்கள் பொதுவாகப் புறப்படுவதில்லை.

ஆகவே, இறங்கும் தறுவாயில் எந்திரங்கள் உறுமி விமானம் மேலே ஏறினால், இடைவாரை இறுக்கிக்கொண்டு அமைதியாயிருப்போம். வாயிலில் காத்திருப்போர், “இப்போதைக்கு இறங்க வேண்டாமென்று மேலே போயிருக்கிறார்கள், சற்றுப் பொறுத்து வருவார்கள்” என்று அருகிலிருப்பவரைத் தேற்றலாம். இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாலும், பிள்ளை பத்திரமாக வந்து சேர்வதல்லவா வேண்டும்?