நாலு கிராம் இரை! நாலு கிலோ மீன்!
வட சென்னைக் கரையில் ஒரு புதுவிதத் தூண்டில்

தூண்டில் என்றால் மீன் பிடிப்பது. தூண்டில் வளைவு என்றால்?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாகப் போனவர்களுக்கு அது தெரியும். கரையிலிருந்து கடலுக்குள் கருங்கல்லைக் கொட்டி நீளமாக மேடு போட்டிருப்பார்கள். அதற்குப் பெயர்தான் தூண்டில் வளைவு. அது மீனைப் பிடிக்கப் போட்டது அல்ல. மண்ணைப் பிடிக்கப் போட்டது!

1870-களில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கினார்கள். நம் கடலில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கே இருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனது. வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரைந்துகொண்டே வந்தன. வீடுகளைக்கூடக் கடல் தின்றது. அதைத் தடுக்கத்தான் இந்தக் கற்கள்.

கல் விழுந்த இடத்தில் பாசி பிடித்தது. பாசிக்கு நண்டும் சிறு மீனும் வந்தன. சிறு மீனைத் தின்னப் பெரிய மீன் வந்தது. பெரிய மீனைத் தேடி மனிதர்களும் வந்துவிட்டார்கள். ஆகவே இன்று தூண்டில் வளைவின் மேல் நிஜமான தூண்டில்களும் நீளுகின்றன.

இந்தத் தூண்டில்காரர்களில் ஒரு சிலரைப் பார்த்தால் சிரிப்பு வரும். கையில் ஆறடிக் கம்பு. அதன் நுனியோ விளக்குமாற்று ஈர்க்குப் போல மெலிந்திருக்கும். இறால் இல்லை, புழு இல்லை. நரம்பின் முனையில் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு குட்டி இறாலோ, சுண்டு விரல் நீள மீனோ தொங்கும். அதுதான் பொய் இரை. அதன் எடை மூன்று, நாலு கிராம். ஒரு ரூபாய் நாணயம் ஒன்றின் எடைதான்!

இதை வைத்துக்கொண்டு மீன் பிடிக்க முடியுமா? முடியும். ஆனால் முதலில் அதை வீசத் தெரிய வேண்டும்.

சிக்கு விழும் ராட்டினம்

பல ரீல்களில் நரம்பு சுற்றிய உருளை சுழலாது. நரம்பு மட்டும் வளையம் வளையமாக உருவி வெளியே போகும். இந்த ரீல் அப்படி அல்ல. இது கிணற்று ராட்டினம் போல. இரை பறக்கும்போது நரம்பை இழுக்கும். நரம்பு உருளையைச் சுழற்றும்.

கனமான இரையாக இருந்தால் கவலை இல்லை. நாலு கிராம் இரைக்கு உருளையைச் சுழற்றும் பலம் எங்கே இருக்கிறது? அப்படியே சுழற்றிவிட்டாலும் வேறொரு தொல்லை. காற்றில் இரையின் வேகம் குறைந்துவிடும். உருளையின் வேகம் குறையாது. ஓடும் பஸ் திடீரென்று நின்றால் உள்ளே நிற்பவர் முன்னே சாய்கிறாரே, அந்தக் கதைதான். நரம்பு தேவைக்கு மேல் கழன்று, குருவிக் கூடு போலச் சிக்கிக்கொள்ளும். அதைப் பிரிப்பதற்குள் மீன் அடுத்த ஊருக்குப் போய்விடும்!

ஜப்பான்காரர்கள் இதற்கு வழி கண்டார்கள். உருளையைப் பத்து கிராமுக்கும் குறைவான எடையில் செய்தார்கள். அதில் கொஞ்சம் நரம்பு மட்டும் சுற்றினார்கள். பக்கத்தில் சிறு காந்தங்களை வைத்தார்கள். காந்தம் உருளையைத் தொடுவது இல்லை. ஆனாலும் உலோகம் காந்தத்தின் அருகில் சுழன்றால் அதன் வேகம் தடைப்படும். வேகமாகச் சுழன்றால் தடையும் அதிகமாகும். மெதுவாகச் சுழன்றால் தடையும் குறையும். கண்ணுக்குத் தெரியாத பிரேக்!

மீதி வேலை கட்டை விரலுக்கு. இரை தண்ணீரைத் தொடும் நொடியில் விரல் உருளையை அழுத்த வேண்டும். அரை நொடி தாமதித்தாலும் சிக்குதான். இதைப் பழக ஆற்றுக்குப் போக வேண்டியதில்லை. முள்ளைக் கழற்றிவிட்டு, மொட்டை மாடியில் ஒரு வாளியை வைத்து, அதற்குள் இரை விழும்படி வீசிப் பழகலாம். வீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த வகை ரீலுக்கும் கடிகாரத்துக்கும் ஒரு உறவு உண்டு. 1820-ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் ஒரு ரீல் செய்தார். கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் உருளை பல முறை சுற்றும்படி பற்சக்கரம் வைத்தார். பிற்காலத்தில் உலகம் முழுவதும் பெயர் பெற்ற ரீல்களைச் செய்தது சுவீடனில் உள்ள 'ஆபு' கம்பெனி. அது 1921-ல் தொடங்கியபோது கடிகாரத் தொழிற்சாலை! டாக்சி மீட்டரும் செய்தது. அந்த நுட்பமான பற்சக்கரங்கள்தான் பிறகு மீன் பிடிக்கப் போயின.

முகத்துவாரத்து வேட்டைக்காரன்

கடலோரத்தை விட இந்த மெல்லிய தூண்டிலுக்கு ஏற்ற இடம் எண்ணூர் முகத்துவாரம். கொசஸ்தலை ஆறு அங்கே கடலில் கலக்கிறது. பக்கிங்காம் கால்வாயும் அந்த உப்பங்கழியோடு சேர்கிறது. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். அங்கே மீனுக்கு உணவு சின்ன இறாலும் குஞ்சு மீனும். அப்படிப்பட்ட நீரில் கனமான இரை 'தொப்'பென்று விழுந்தால் மீன் ஓடிவிடும். நாலு கிராம் இரை விழுந்தால் இறால் துள்ளி விழுந்தது போல இருக்கும்.

பாறை, செப்பிலி, சீலா எல்லாம் இதற்கு மாட்டும். ஆனால் எல்லோரும் ஆசைப்படுவது கொடுவாவுக்குத்தான்.

கொடுவா துரத்திப் பிடிக்கிற மீன் அல்ல. பாலத்துத் தூணின் நிழலிலும் கல் இடுக்கிலும் அசையாமல் காத்திருக்கும். இரை அருகில் வந்ததும் வாயைச் சட்டென்று அகலத் திறக்கும். தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். நீர் மட்டத்தில் அது நடந்தால் 'டப்' என்று சத்தம் கேட்கும்.

நாலு கிலோ கொடுவா மாட்டினால் மெல்லிய நரம்பு தாங்குமா? வட சென்னையில் பட்டம் விட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டீல் விடுவதுதான்! மீன் இழுத்தால் ரீலுக்குள் இருக்கும் பிடிமானம் வழுக்கி நரம்பை விட்டுக்கொடுக்கும். மீன் ஓய்ந்தால் சுற்ற வேண்டும். மறுபடி இழுத்தால் மறுபடி விட வேண்டும்.

எந்த நேரம் நல்லது? கடல் நீர் நாளுக்கு இரு முறை ஏறி, இரு முறை வடிகிறது. நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். வடிகிற நீரோடு இறால் கடலை நோக்கி வரும்போது கொடுவா வழியில் காத்திருக்கும். விடிகாலையும் அந்தியும் இதோடு சேர்ந்து வந்தால் மிக நல்லது.

வயிற்றுக்காகப் பிடிப்பவர்கள்

அதே தண்ணீரில் வேறு சிலரும் நிற்கிறார்கள். அவர்களிடம் கம்பும் இல்லை, காந்தமும் இல்லை. பாட்டிலிலோ கட்டையிலோ சுற்றிய தங்கூசி நரம்பு, ஒரு ஈயக்குண்டு, ஒரு முள், உயிருள்ள இறால். தலைக்கு மேல் சுழற்றி வீசுகிறார்கள். சிக்கு விழுவது இல்லை! இன்னும் சிலர், ஆணும் பெண்ணுமாக, சேற்றைக் கையால் துழாவி இறால் எடுத்துப் பறியில் போடுகிறார்கள். முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம் ஆகிய ஊர்களுக்கு இந்த ஆறு வெறும் வேடிக்கை அல்ல; அடுப்பு எரிவது இதனால்தான்.

அந்த ஆறு பட்ட பாடு கொஞ்சம் அல்ல. அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து சாம்பல் ஆற்றில் படிந்தது. ஆழமான இடங்கள் தூர்ந்துவிட்டன என்று மீனவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கரையில் ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு தொழிற்சாலை எண்ணெய் கலந்து முகத்துவாரத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடாப் பறவைகளின் வெள்ளை இறகில் எண்ணெய் அப்பியது. மீன் விற்கவில்லை.

பொழுதுபோக்குக்கு வந்தவர் அப்போது கம்பை மடக்கிக்கொண்டு வேறு கரைக்குப் போகலாம். குப்பத்தார் எங்கே போவார்கள்?

எல்லாப் பெரிய மீனும் தாய்!

கொடுவாவைப் பற்றி ஒரு அதிசயம் உண்டு. அது முதலில் ஆணாக வளருகிறது. சில ஆண்டுகளுக்குப் பிறகு பெண்ணாக மாறுகிறது! ஆகவே பெரிய கொடுவா என்றால் பெரும்பாலும் அது தாய் மீன்தான். முகத்துவாரத்தை ஒட்டிய உப்பு நீரில் லட்சக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் ஆற்றுக்குள் ஏறி வளரும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார், 1997-ல் இந்த மீனைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். இந்தியாவில் அதுவே முதல் முறை. ஆனால் ஆற்றுக்குத் தேவையான குஞ்சு, ஆற்றில் இருக்கும் தாயிடமிருந்துதான் வர வேண்டும்.

பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்காக நரம்பு வீசுகிறவரிடம் போய், பெரிய மீனை விட்டுவிடுங்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? விளையாட்டுக்குப் பிடிப்பவர் விடலாம். அவர்களில் பலர் விடவும் செய்கிறார்கள்.

விடுவதற்கும் முறை இருக்கிறது. முள்ளின் எதிர்க் கொக்கியை முன்னதாகவே குறடால் அழுத்தி மட்டமாக்கிவிட வேண்டும். அப்போதுதான் முள் சுலபமாகக் கழலும். மீனை வெயிலில் சுட்ட கல்லின் மேல் போடக்கூடாது. ஈரக் கையால்தான் தொட வேண்டும். காய்ந்த கை பட்டால் அதன் மேல் உள்ள வழவழப்பு போய்விடும். செவுள் மூடியில் கை வைக்காதீர்கள்; அதன் ஓரம் கத்தி போல வெட்டும். வயிற்றைத் தாங்கி, தலை நீரோட்டத்தைப் பார்க்கும்படி தண்ணீருக்குள் பிடித்திருக்க வேண்டும். செவுள் திறந்து மூடும். மூச்சு வந்ததும் வாலால் ஒரு அடி அடித்து, முகத்தில் தண்ணீரை இறைத்துவிட்டு, பாலத்து நிழலுக்குள் போய்விடும்.