கெடாவிலும் இலையுதிர்காலம்! தெரியுமா?

சிவந்த இலைகளைப் படம் எடுக்க ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் டிக்கெட் போடுகிறவரா நீங்கள்? கொஞ்சம் நில்லுங்கள்! தெற்குக் கெடாவில், பேராக் எல்லையை ஒட்டிய செர்டாங் பக்கம், தைப்பூசம் முடிந்த கையோடு ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் போயிருக்கிறீர்களா? மஞ்சள், செம்மஞ்சள், கருஞ்சிவப்பு... நிரை நிரையாக நிறம்! விசா வேண்டாம், குளிர்ச்சட்டையும் வேண்டாம்!

பால்மரம் என்னும் ரப்பர் மரம் ஆண்டுக்கு ஒருமுறை இலையை எல்லாம் கொட்டிவிடும் மரம். மலேசியாவின் வடக்கில் ஜனவரி, பிப்ரவரி வறட்சி கடுமை. அதனால் இங்கே இலையுதிர்வு ஒரே மூச்சில் நடக்கிறது! சில வாரம் மொட்டையாக நின்ற பிறகு வரும் தளிர் பச்சையா? அதுவும் இல்லை, செம்பு நிறம்! ஒரே மரம் சில வாரங்களுக்குள் இரண்டு தடவை நிறம் காட்டுகிறது! இன்னொன்று தெரியுமா? இரண்டு வயது இளமரம் இலையைக் கொட்டுவதில்லை. அதற்கு மூன்று நான்கு வயதாவது ஆக வேண்டும்!

சரி, படம் எடுக்க வெயில் நாள்தானே நல்லது? இல்லவே இல்லை! மழை நாள்!

காய்ந்த இலையின் மேற்பரப்பு வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடித்து நிறத்தை வெளுப்பாக்கிவிடும். நனைந்த இலையில் தண்ணீர்ப் படலம் அந்தச் சிதறலைக் குறைக்கிறது. உடனே சிவப்பு இன்னும் சிவப்பு! வானம் முழுக்க மேகம் மூடியிருந்தால் கரிய நிழலும் விழாது. ஸ்டூடியோக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் மென்மையான வெளிச்சம், தோட்டத்தில் இலவசம்! இலை உதிரும் மாதங்களில் மழை அபூர்வம்தான். ஆனால் மார்ச் கடைசியில் மாலை இடிமழை தொடங்கும்போது பழைய இலை தரையில், புதிய தளிர் மேலே. இதைவிட என்ன வேண்டும்?

மழைத்துளி என்ன வடிவம்? கண்ணீர்த்துளி மாதிரி மேலே கூர்மையாக வரைகிறோமே, அது பொய்! இரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கும் துளி கிட்டத்தட்ட உருண்டை. பெரிய துளி, அடி தட்டையான பன் ரொட்டி போல! ஐந்தாறு மில்லிமீட்டரைத் தாண்டினால் காற்றிலேயே உடைந்துவிடும். பெரிய துளி விழும் வேகம் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர்!

இந்தத் துளியை அளந்தவர்களில் ஒருவர் ஓர் அமெரிக்க விவசாயி! வில்சன் பென்ட்லி. 1885-இல் ஒற்றைப் பனித்துகளைப் படம் பிடித்துக் காட்டியவர், வாழ்நாளில் 5,000-க்கும் மேற்பட்ட பனித்துகள்களைப் படமெடுத்தார். மழைத்துளியை எப்படி அளந்தார்? மாவைத் தட்டில் பரப்பி மழையில் நீட்டினார்! துளி விழுந்த இடத்தில் மாவு உருண்டை. அதை அளந்தால் துளியின் அளவு! 1904-இல் இதைக் கட்டுரையாகவே வெளியிட்டார். லேப் இல்லை, மானியம் இல்லை, மாவுதான்!

இலை நுனியில் தொங்கும் துளியை உற்றுப் பார்த்ததுண்டா? அதற்குள் முழுத் தோட்டமும் தலைகீழாக நிற்கும்! துளியே ஒரு லென்ஸ். இதை உங்கள் கைப்பேசிக்கும் பயன்படுத்தலாம், தெரியுமா? கேமரா கண்ணாடி மேல் ஒரே ஒரு சின்னத் துளியை வைத்து, மெதுவாகத் திருப்பி, இலைக்கு மிக அருகே கொண்டு போங்கள். நரம்புகள் பெரிதாகத் தெரியும்! (தண்ணீர் தாங்காத பழைய கைப்பேசியில் இந்த விளையாட்டு வேண்டாம்.)

தரையில் ஈரச் சருகைப் புரட்டுங்கள். பூஞ்சையும் நுண்ணுயிரும் சதையைத் தின்றுவிட்டு நரம்பை மட்டும் விட்டுவைத்த இலைகள் கிடைக்கும். சல்லடைத் துணி போல என்று சொல்லத் தோன்றும், ஆனால் எந்தத் தறியிலும் இவ்வளவு மெல்லிய இழை கிடையாது! தாய்லாந்தில் ரப்பர் இலை நரம்பைச் சாயம் தோய்த்துப் பூ செய்து விற்கிறார்கள்!

ரப்பர் கொட்டை கிடைத்ததா? விடாதீர்கள்! ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் காய் ‘டப்’பென்று வெடித்து 15 மீட்டர் தூரம்கூடக் கொட்டையை எறியும்! காய்க்கு மூன்று கொட்டை. மேலே உள்ள பழுப்புக் கோலம் அழகுக்கு மட்டுமா? கொட்டை ஓடு தாய்மரத்தின் திசுவால் ஆனது. அதனால் ஒரு மரத்தின் கொட்டைகளில் எல்லாம் ஒரே கோலம்! அதை வைத்தே மரத்தின் ரகத்தைக் கண்டுபிடிக்கும் வல்லுநர்கள் உண்டு. கொட்டையைச் சிமெண்டில் தேய்த்து அடுத்தவன் கையில் சூடு வைத்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்காது!

இந்தக் கொட்டை இங்கே வந்த கதை தெரியுமா? 1876-இல் ஆங்கிலேயர் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டு போன கொட்டைகள் எத்தனை? சுமார் 70,000! முளைத்தவை 3,000-க்கும் குறைவு. மறு ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்த கன்றுகளோ 22! அவற்றில் 9 கன்றுகள் பேராக்கின் கோலகங்சார் மண்ணில் ஊன்றப்பட்டன. ஒரு கிழமரம் இன்னும் அங்கே நிற்கிறது!

மறுபடி மழைக்கு வருவோம். மண்வாசனையைப் படம் பிடிக்க முடியுமா? பிடித்துவிட்டார்கள்! 2015-இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள், துளி மண்ணில் விழுந்ததும் அதற்குள் குமிழிகள் எழும்பி நுண்சாரலாகத் தெறிப்பதை அதிவேகக் கேமராவில் பதிவு செய்தார்கள். அந்த வாசனைக்கு முக்கியக் காரணமான ஜியோஸ்மின், ஒரு லட்சம் கோடியில் ஐந்து பங்கு கலந்திருந்தாலே நம் மூக்கு கண்டுகொள்ளும்!

தளிர் விடும் நேரத்தில் சாரலும் மூடுபனியும் சேர்ந்தால் ஓர் அதிசயம், தோட்டக்காரர்களுக்கு அது தலைவலி! சாம்பல் நோய்ப் பூஞ்சை பிடித்து இளந்தளிரும் கொட்டிவிடும். ஒரே ஆண்டில் இரண்டாவது இலையுதிர்வு! படத்துக்கு நல்லது, பாலுக்குக் கெடுதல். மழை நாளே அப்படித்தான்: பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்துவிடும், அன்றைக்கு வெட்டு இல்லை. உங்களுக்குக் கிடைக்கும் அழகான படத்துக்குப் பின்னால் ஒருவருக்கு வேலை போன நாள் இருக்கிறது.

செம்பனை இப்படி இலையைக் கொட்டி மொட்டையாக நிற்காது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட இடமெல்லாம் இலையுதிர்காலத்தை இழந்த இடம்! ஆகவே மிச்சமிருக்கும் நிரைகளை இந்த மார்ச்சிலேயே போய்ப் பாருங்கள். உள்ளே நுழையும் முன் தோட்டத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய கோப்பையை மட்டும் படத்துக்காக நகர்த்தாதீர்கள்!