நீலக்கறுப்பு மை நீரைத் தாங்குமா? வாங்குவதற்கு முன் அறிய வேண்டியவை

காசோலையில் கறுப்பு மையால் எழுத ரிசர்வ் வங்கி தடை விதித்துள்ளதாக 2025 ஜனவரியில் சமூக ஊடகங்களில் ஒரு தகவல் பரவியது. அது பொய் என்று பத்திரிகை தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு விளக்கமளித்தது. காசோலைக்கென எந்த நிறத்தையும் ரிசர்வ் வங்கி வரையறுக்கவில்லை. படமெடுக்கும்போது தெளிவாகத் தெரியும் மையால் எழுத வேண்டும், எழுதியதைத் திருத்தக் கூடாது என்றே அது அறிவுறுத்தியுள்ளது.

நிறத்தைப் பற்றிய இந்தக் குழப்பத்தில், நனைந்தாலும் எழுத்து நிற்குமா என்ற முக்கியமான கேள்வி பின்னுக்குப் போனது. ஊற்றுப்பேனா பயன்படுத்துவோரில் பலர், நீலக்கறுப்பு மை என்றாலே நீரில் அழியாது என்று நம்புகின்றனர். அந்த நம்பிக்கை பாதி மட்டுமே சரி.

பெயர் ஒன்று, வகை மூன்று

கடைகளில் ஒரே பெயரில் கிடைக்கும் நீலக்கறுப்பு மைகள் மூன்று வகைப்படும்.

முதலாவது சாய மை. நீரில் கரையும் சாயமே இதன் நிறத்துக்குக் காரணம். பேனாவைக் கழுவுவது எளிது. ஆனால் எழுத்தும் பெரும்பாலும் எளிதில் கரைந்துவிடும்.

இரண்டாவது இரும்பு மை. இரும்பு உப்பும், துவர்ப்புப் பொருளான டானினும் இதில் கலந்திருக்கும். புட்டியில் இக்கலவைக்கு நிறம் மிகக் குறைவு என்பதால், எழுதும்போது கண்ணுக்குத் தெரிய நீலச் சாயம் சேர்க்கப்படுகிறது. தாளில் பட்டதும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, நீரில் கரையாத கறுப்புப் பொருளாக மாறி இழைகளில் படிகிறது. நீலமாக எழுதியது பின்னர் கறுப்பதால்தான் நீலக்கறுப்பு என்ற பெயரே ஏற்பட்டது. ஆந்திரத்தின் ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரித் துணிகளில், கடுக்காய்ச் சாறு ஏற்றிய துணிமீது இரும்புக் கரைசலால் வரையும்போது கோடுகள் கறுப்பதும் இதே வினையால்தான். 0.1 சதவீத இரும்பு கொண்ட ஊற்றுப்பேனா மைக்கென ஐஎஸ் 220 என்ற இந்தியத் தர நிர்ணயம் உள்ளது. ஜெர்மனியின் பெலிகான் 4001, ஜப்பானின் பிளாட்டினம் ஆகியவற்றின் நீலக்கறுப்பு மைகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

மூன்றாவது துகள் மை. இதிலுள்ள மிக நுண்ணிய நிறத்துகள்கள் கரைவதில்லை. தாளின் இழைகளில் சிக்கிக்கொள்கின்றன. ஜப்பானின் செய்லர் நிறுவனம் தயாரிக்கும் செய்போகு இத்தகையது. நீரைத் தாங்குவதில் இதுவே முன்னிற்கிறது. ஆனால் பேனாவுக்குள் உலர்ந்தால் அடைப்பை நீக்குவது கடினம்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

அன்றாடம் எழுதும் தாளிலேயே சில வரிகள் எழுதி 24 மணி நேரம் உலரவிட வேண்டும். இரும்பு மை கறுக்க அவகாசம் தேவை. எழுதிய உடனே நனைத்துப் பார்த்தால் முடிவு தவறாகும். பிறகு ஒரு வரிமீது நீர்த்துளி இட்டு, ஒரு நிமிடம் கழித்து ஒற்றி எடுக்க வேண்டும். இன்னொரு துண்டைக் கால் மணி நேரம் நீரில் மூழ்கவிட வேண்டும்.

நீலம் கரைந்தோடியதைக் கண்டதும் மையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அடியில் சாம்பல் நிறக் கோடு நின்று, சொற்களும் எண்களும் ஐயமின்றிப் படிக்க முடிந்தால் அந்த மை தேறிவிட்டது. எண்கள் மங்கினால் காசோலைக்கும் ஒப்பந்தத்துக்கும் அது ஏற்றதன்று.

அன்றாடப் பயன்பாட்டுக்கு வேறு மூன்றையும் கவனிக்க வேண்டும். எழுதி 10, 20 விநாடிகள் கழித்து விரலால் தேய்த்தால் இழுபடுகிறதா? மலிவான நோட்டுத் தாளில் மை பரவி மறுபக்கம் தெரிகிறதா? மூடி வைத்த பேனா மூன்று நாள் கழித்து உதறாமலே எழுதுகிறதா? இவற்றில் தோற்கும் மை, நீரைத் தாங்கினாலும் அன்றாட எழுத்துக்கு உதவாது.

நீருக்கு அப்பால்

நீரைத் தாங்கும் மை எல்லாவற்றையும் தாங்கும் என்று கருதக் கூடாது. துருக்கறை நீக்கப் பயன்படும் ஆக்சாலிக் அமிலம் இரும்பு மையையும் கரைக்கும். எனவே காசோலையில் தொகையை எழுத்திலும் எண்ணிலும் இடைவெளியின்றி எழுதி, முடிவில் கோடிடும் வழக்கத்தை எந்த மையானாலும் கைவிடலாகாது.

இரும்பு மை அமிலத்தன்மை உடையது. நீண்ட நாள் தேங்கினால் எஃகு முள்ளை அரிக்கக்கூடும். மாதம் ஒருமுறையேனும் பேனாவைக் குளிர்ந்த நீரால் கழுவுவது நல்லது. வேறு மையோடு கலந்தால் வண்டல் படியலாம் என்பதால், மை மாற்றும்போதும் கழுவியே நிரப்ப வேண்டும்.

நாள்தோறும் எழுதுவோருக்கு, பராமரிப்பும் தாங்குதிறனும் சமநிலையில் உள்ள இரும்பு மை பொருத்தமானது. வாரக்கணக்கில் பேனாவைத் தொடாதவர்கள் சாய மையையே நிரப்பிக்கொண்டு, காசோலைக்கும் ஆவணங்களுக்கும் எண்ணெய் சார்ந்த மை கொண்ட பால்பாயிண்ட் பேனாவைப் பயன்படுத்தலாம்.