கேப்பாப்புலவுக்கு வந்த அகதிகள்

2024 டிசம்பர் 19. வாடைக் காலம், கடல் நல்ல நிலையில் இல்லை. முள்ளிவாய்க்கால் பக்கம் தொழிலுக்குப் போனவர்களின் கண்ணில் ஒரு படகு பட்டது. நம்மூர் வள்ளமுமில்லை, இந்திய இழுவைப் படகுமில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் நூற்றுக்கு மேற்பட்ட சனம், பெண்களும் கைக்குழந்தைகளுமாக நெருங்கிக் கிடந்தார்கள். பேசும் மொழி விளங்கவில்லை. பசியும் தாகமும் விளங்குவதற்கு மொழி தேவைப்படவில்லை. கரையிலிருந்து தண்ணீரும் சாப்பாடும் போயின. வந்தவர்கள் மியன்மாரின் ரோஹிங்கியா மக்கள் என்பது பிறகுதான் உறுதியானது.

அதற்குப் பதினைந்து வருடங்களுக்கு முன், போரின் கடைசி நாட்களில், இதே கரையில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள்தான் இந்தக் கரைச் சனம். சிரட்டையில் வாங்கிக் குடித்த அந்தக் கஞ்சியை இன்றும் ஒவ்வொரு மே மாதமும் காய்ச்சிப் பகிர்கிறார்கள். அவர்களுக்கு, படகில் வந்தவர்கள் யார், எவர் என்று விசாரித்த பிறகு சோறு கொடுக்கும் பழக்கம் இல்லை.

விசாரணை அரசின் வேலை. கடற்படை படகைத் திருகோணமலைக்குக் கொண்டுபோனது. நீதவானிடம் முற்படுத்தினார்கள். கொஞ்ச நாள் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கவைத்தார்கள். படகைச் செலுத்தியவர்கள் என்று சொல்லிச் சிலரை விளக்கமறியலில் வைத்தார்கள். மற்றவர்களைத் திரும்பவும் முல்லைத்தீவுக்கே கொண்டுவந்து கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்குள் விட்டார்கள்.

கேப்பாப்புலவு என்ற பெயரைக் கேட்டதும் வன்னியில் யாருக்கும் ஒரு கணம் பேச்சு நின்றுபோகும். 2009இல் போர் முடிந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இலட்சக்கணக்கானவர்களை முட்கம்பிக்குள் வைத்திருந்தார்கள். வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள்; யாருடைய யோசனையோ தெரியாது, கேட்டால் சிரிப்பதா அழுவதா என்றிருக்கும். 2012 செப்டம்பரில் அந்த முகாமை மூடியபோது கடைசியாக வெளியேறியவர்கள் கேப்பாப்புலவுச் சனம். வெளியேறியும் அவர்களால் சொந்தக் காணிக்குப் போக முடியவில்லை. ஊருக்குள் படை இருந்தது. காட்டோரம் ஒரு மாதிரிக் கிராமம் போட்டு அங்கே இறக்கிவிட்டார்கள்.

2017 ஜனவரி 31ஆம் திகதி, பக்கத்துப் பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் வாசலில் தறப்பாள் கட்டிக் குந்தினார்கள். பெண்களும் பிள்ளைகளும் பனியில் படுத்தார்கள். ஒரு மாதம் கழித்து, மார்ச் 1ஆம் திகதி, அந்தக் காணிகளை விட்டுக்கொடுத்தார்கள். அதே நாள் கேப்பாப்புலவு மக்கள், இராணுவம் வைத்திருக்கும் தங்கள் காணிகளுக்காக அடுத்த கொட்டிலைப் போட்டார்கள். அது வருடக்கணக்கில் நீண்டது.

சொந்த ஊர்க்காரன் உள்ளே போக முடியாத கம்பிவேலிக்குள், கடல் கடந்து வந்தவன் வெளியே வர முடியாமல் இருக்கிறான். அரசின் கையில் முல்லைத்தீவில் தாராளமாக இருப்பது முகாம்தான். அகதி வந்தாலும் அதைத்தான் கொடுக்க முடிகிறது.

இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் கையெழுத்திடவில்லை. அகதி என்பவர் யார் என்று சொல்லும் உள்நாட்டுச் சட்டமும் கிடையாது. தஞ்சம் கேட்டு வருபவரை ஐ.நா. அகதிகள் முகவரகம் பதிவு செய்து, வேறு நாடொன்றில் குடியமர்த்தப் பார்ப்பதுதான் நடைமுறை. அதுவரைக்கும் அவர் நமது சட்டத்தின் கண்ணில் வெறும் சட்டவிரோதக் குடிவரவாளர். பொருந்துவது ஒரே சட்டம்: 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க குடிவரவு குடியகல்வுச் சட்டம். அங்கீகரிக்கப்பட்ட துறைமுகத்தால் வந்தாயா, கையில் கடவுச்சீட்டு இருக்கிறதா என்று அது கேட்கும். 1982இல் மியன்மாரின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய ஒரு மக்கள் கூட்டத்திடம் கடவுச்சீட்டைக் கேட்பது, வெட்டிய கையை நீட்டச் சொல்வது போலத்தான். 2017 ஓகஸ்டுக்குப் பிறகு ஏழு இலட்சத்துக்கும் அதிகமானோர் எல்லை தாண்டி வங்காளதேசத்தின் கொக்ஸ் பஜார் முகாம்களில் அடைந்தார்கள். அங்கேயும் வாழ முடியாமல் கடலில் இறங்குபவர்கள் பலர்.

2024இல் வந்த புதிய அரசு, படகு வந்ததை ஆட்கடத்தல் விவகாரமாகவே பேசத் தொடங்கியது. திருப்பி அனுப்பும் கதையும் அடிபட்டது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அதிகாரிகள் முகாமுக்குப் போனபோது, குடிவரவுக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி இல்லை என்று முதலில் உள்ளே விடவில்லை. தடுத்துவைக்கப்பட்ட இடங்களைப் போய்ப் பார்க்கும் அதிகாரத்தை அந்த ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். அதுவும் அரசே போட்ட சட்டம்தான். 2025 ஜனவரியில் முல்லைத்தீவில் சனம் வீதிக்கு இறங்கியது. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகவும் காணிக்காகவும் பதாகை பிடித்துப் பழகிய ஊரில், திருப்பி அனுப்பாதே என்று அந்நியருக்காகவும் பதாகை ஏறியது.

எல்லாரும் அப்படியில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். “எங்கட சனத்துக்கே ஒழுங்கா அஸ்வெசும இல்லை, இதுக்குள்ள வந்தவைக்கும் படியளக்கிறதோ?” என்ற முணுமுணுப்பு தேநீர்க்கடைகளில் உண்டு. அந்தக் கேள்வியை ஈரமில்லாத மனம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியாது. அதன் அரைவாசி நியாயமானது. மீதி அரைவாசி, கோபத்தைத் தவறான வாசலில் கொண்டுபோய் இறக்குகிறது.

நியாயமான பாதியைப் பார்ப்போம். வறிய குடும்பங்களுக்கு 1995 முதல் அரசு கொடுத்துவந்த சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில் 2023 ஜூலை தொடக்கம் அஸ்வெசும வந்தது. பின்னணியில் பொருளாதாரச் சரிவும் சர்வதேச நாணய நிதியத்துடனான உடன்பாடும். சமுர்த்தியில் கட்சிக்காரர் சேர்த்த பெயர்கள் கிடந்தன என்பது உண்மை; ஒரு சீரான அளவுகோல் வேண்டும் என்பதில் தப்பில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு துறைகளில் 22 சுட்டிகளை வைத்துக் குடும்பங்களுக்குப் புள்ளி போட்டார்கள். மிக வறியவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய், வறியவர்களுக்கு 8,500, அடுத்த இரண்டு வகுப்பினருக்கு 5,000, 2,500. மேல் இரண்டு தொகைகளும் 2025 ஜனவரியில் 17,500 ஆகவும் 10,000 ஆகவும் கூடின. கிராம அலுவலர்களின் சங்கங்கள் கணக்கெடுப்பிலிருந்து ஒதுங்கிக்கொண்டதால் பல இடங்களில் ஊரை அறியாத இளம் பிள்ளைகள் படிவத்தோடு வந்தார்கள். 2023 ஜூனில் பெயர்ப்பட்டியல் வெளியானதும் நாடெங்கும் பிரதேச செயலகங்களின் முன்னால் கூட்டம். ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன.

வன்னியில் இந்த அளவுகோல் சறுக்கும் இடம் வேறு. போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் காசுக்குக் கூரை ஏறாது; கடன் வாங்கித்தான் பலர் ஏற்றினார்கள். நகை அடைவுக்குப் போனது, பிறகு நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் நின்றார். பூசாத கல்வீடு வெளியே தெரிகிறது. அதற்குள் கிடக்கும் கடன் எந்தச் சுட்டியில் ஏறும்? மோட்டார் சைக்கிள் இன்னொரு சிக்கல். ஒட்டுசுட்டானிலோ மாங்குளத்திலோ வயலுக்கும் வைத்தியசாலைக்கும் நடந்தா போவது? பின்நேரம் கடைசி பஸ் போனபிறகு யானை நிற்கும் வீதியில் அந்தப் பழைய மோட்டார் சைக்கிள்தான் அம்புலன்ஸ். கொழும்பில் அது வசதியின் அடையாளமாக இருக்கலாம். காணி என்றால் இருக்கும், உறுதி இருக்காது. பேர்மிட் இருந்தாலும் நடுவில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கும். ஒரு காலைச் செல்லில் இழந்தவர் மீன்வாடியில் கூலிக்கு நிற்பதால் உழைப்பாளி ஆகிவிடுகிறார். 2019ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பிலேயே நாட்டின் வறுமை வீதம் 14.3, முல்லைத்தீவு மாவட்டத்தில் 44.5, இலங்கையிலேயே மிக உயர்ந்தது. அது கொரோனாவுக்கும் 2022 நெருக்கடிக்கும் முந்திய கணக்கு.

ஆக, பிரதேச செயலகத்தில் வெள்ளைத்தாளோடு நிற்கும் அம்மா தான் ஏழை என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கேப்பாப்புலவு முகாமுக்குள் இருக்கும் தாய் தான் குற்றவாளி இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. ஒருத்தியின் சோற்றை மற்றவள் எடுத்துவிடவில்லை. அஸ்வெசும நிரலில் ரோஹிங்கியாவுக்கு ஒரு வரியும் இல்லை. அவர்களை வேலை செய்யவும் விடாமல் வெளியே உலாவவும் விடாமல் முகாமில் வைத்துச் சாப்பாடு போடுவது அரசின் முடிவு. அதற்கு ஆகும் செலவை அவர்களின் தலையில் எழுதுவது எப்படி நியாயம்?

1948க்குத் திரும்புகிறேன். அந்த 20ஆம் இலக்கச் சட்டத்துக்கு இரண்டு இலக்கம் முன்னால் நிற்பது 18ஆம் இலக்கச் சட்டம், இலங்கைக் குடியுரிமைச் சட்டம். மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது அதுதான். அதற்கும் வன்னிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம், ஜெயபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். 1958இலும் 1977இலும் கலவரங்களில் அடிபட்டு, தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். வவுனியாவைச் சுற்றி அப்படி வந்தவர்களைக் காணியில் குடியிருத்தி, கிணறு வெட்டி, பாலர் பாடசாலை நடத்தியது காந்தியம் என்ற அமைப்பு. கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் எஸ். இராஜசுந்தரமும் தொடங்கியது. அரசு அவர்களுக்குக் கொடுத்த பரிசு சிறை. 1983 ஜூலையில் வெலிக்கடைக்குள் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். நாடற்ற ஒருவரை எப்படி வரவேற்பது என்பதற்கு வன்னியில் சொந்த முன்மாதிரி இருக்கிறது. ஜெனீவாவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

எங்கள் கணக்கிலும் கறை உண்டு. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகளைக் கும்பல்கள் துரத்தின. அவர்களில் பலர் அஹ்மதியா பிரிவினர். பாகிஸ்தானில் முஸ்லிம்களே இல்லை என்று ஒதுக்கப்பட்டவர்கள், இங்கே முஸ்லிம்கள் என்பதற்காக அடிவாங்கினார்கள். பொலிஸ் நிலையத்தின் வாகனத் தரிப்பிடத்திலும் பள்ளிவாசல்களிலும் கிடந்தவர்களில் ஒரு பகுதியினரை வவுனியா பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். பூந்தோட்டம் முன்பு இடம்பெயர்ந்தோர் முகாம், பிறகு முன்னாள் போராளிகளின் புனர்வாழ்வு நிலையம். அங்கே அவர்கள் வரக்கூடாது என்று வவுனியாவிலும் குரல் எழுந்தது. அந்தக் குரலில் தமிழும் கலந்திருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

படகில் ஏறிப் பிறநாட்டின் கருணையை எதிர்பார்த்ததும் நமது கதைதான். 2013இல் அவுஸ்திரேலியா படகுகளைத் திருப்பும் கொள்கையைக் கொண்டுவந்தது. அதே வருடம் கொழும்புக்கு வந்த பிரதமர் டோனி அபொட் இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துப் படகுகளை அறிவித்துவிட்டுப் போனார். 2014 ஜூலையில் 41 பேரை நடுக்கடலில் கைமாற்றினார்கள். அதில் பெரும்பாலானோர் சிங்களவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் அங்கேயும் இந்தக் கொள்கையால் சனம் எரிச்சல்பட்டது. குவீன்ஸ்லாந்தில் பிலோவீலா என்ற சிற்றூர் தங்களோடு வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்காக நான்கு வருடம் மல்லுக்கட்டி, 2022இல் அவர்களைத் திரும்ப ஊருக்குக் கொண்டுவந்தது. இறைச்சித் தொழிற்சாலை இருக்கும் ஊர். பெரிய அரசியல் பேசும் ஊர் இல்லை. முள்ளிவாய்க்கால் தொழிலாளிகளுக்கும் அவர்களுக்கும் நல்லாய்ப் பேச்சு ஒத்துப்போகும்.

இலங்கைக்குத் திரும்பி வருபவர்களுக்கும் அந்த 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம்தான் காத்திருக்கிறது. 2025 மே மாத இறுதியில், தமிழ்நாட்டில் அகதியாக இருந்த, எழுபது வயதைக் கடந்த ஒருவர் ஐ.நா. முகவரகத்தின் ஏற்பாட்டில் பலாலியில் வந்து இறங்கினார். அங்கேயே கைது செய்தார்கள். போர்க்காலத்தில் நாட்டைவிட்டுப் போனபோது அங்கீகரிக்கப்பட்ட துறைமுகத்தால் போகவில்லை என்பது குற்றம். செல்லடிக்குள் தப்பி வள்ளத்தில் ஏறியவர் எந்தத் துறைமுகத்தில் முத்திரை குத்துவது? எதிர்ப்புக் கிளம்பியதும் விடுதலையானார். ஆனால், தமிழ்நாட்டு முகாம்களில் இன்னும் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். ஊருக்குப் போகலாமா என்று நாள் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் அந்தச் செய்தி என்ன பேச்சாகியிருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

துணிந்து வந்து சேர்ந்தாலும் வரிசை முடியாது. காணியில் காடு ஏறியிருக்கும். அஸ்வெசுமவுக்கு விண்ணப்பிக்க அடையாள அட்டை வேண்டும், கிராம அலுவலரின் வதிவிடச் சான்று வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். கூட வந்த பிள்ளை மண்டபத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ பிறந்திருந்தால், பிறப்பைத் துணைத் தூதரகத்தில் பதிந்து, வம்சாவளிப் பிரஜை என்று கடிதம் எடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தைக் கொடுப்பதும் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்தான்.