அதிர்ஷ்டத்துக்கு முன்னே குணம்!
உத்திரமேரூர் குடவோலை சொல்லும் பாடம்

சபையின் நடுவே ஒரு குடம். அதற்குள் ஓலைகள் இருக்கின்றன. ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் வருகிறான். குடத்துக்குள் கையை விட்டு ஓர் ஓலையை எடுக்கிறான். அதில் யார் பெயர் இருக்கிறதோ, அவருக்கு ஊரை நிர்வகிக்கும் பதவி!

இது கட்டுக்கதை அல்ல. காஞ்சீபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் 1,100 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் எழுந்த இரண்டு கல்வெட்டுகள், அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் இன்றும் இருக்கின்றன.

"அப்படியானால் எல்லாம் அதிர்ஷ்டம்தானா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை!

யார் பெயரை எழுதலாம்?

ஊரில் 30 குடும்புகள் (வார்டுகள்) இருந்தன. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர் பெயரை மட்டுமே ஓலையில் எழுதினார்கள். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். கல்வி வேண்டும். நேர்வழியில் வந்த பொருளும், தூய மனமும் வேண்டும்.

பிறர் பொருளைத் திருடியவர் பெயர் குடத்துக்குள் போகாது. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும் போகாது. அவருடைய மகன், மருமகன், மாமனார், மைத்துனர் பெயர்கள்கூடப் போகாது!

ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். வேறு ஓலையை ஒளித்து வைக்க முடியாதல்லவா? இப்படித் தேர்ந்த 30 பேரில் 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக் காலம் 360 நாள்.

ரோமாபுரி அறிஞர்

செனகா என்ற ரோமாபுரி அறிஞர் அதிர்ஷ்டத்தின் இரண்டு முகங்களையும் பார்த்தவர். 41-ம் ஆண்டில் அவரைத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 49-ல் திரும்ப அழைத்தார்கள். நீரோவுக்கு ஆசிரியரானார். செல்வம் குவிந்தது. 65-ல் அதே நீரோவின் கட்டளையால் உயிரை விட்டார்.

அதிர்ஷ்டம் தந்ததை அதிர்ஷ்டமே பறித்துக்கொள்ளும். நற்குணத்தை அது தருவதும் இல்லை, அதனால் பறிக்கவும் முடியாது என்பது அவர் கொள்கை.

உத்திரமேரூரார் செனகாவைப் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் குணத்தை முதலில் சோதித்தார்கள்; அதன் பிறகே அதிர்ஷ்டத்துக்கு இடம் கொடுத்தார்கள். குடம் தந்த பதவி 360 நாளில் போய்விடும். நேர்மையானவர் என்ற பெயர் போகாது.

நம் கையில்

அது வேதம் கற்ற அந்தணர் சபை. பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் அதில் இடம் இல்லை. இன்றோ 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு உண்டு.

ஓலையில் யார் பெயர் என்பது அந்தச் சிறுவனுக்குத் தெரியாது. நமக்கோ யார் எப்படிப்பட்டவர் என்று தெரியும். தெரிந்தே தவறானவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதிர்ஷ்டத்தின் மேல் பழி போடலாமா?