வட்டு போய்ச் சாவி வந்தது

தொண்ணூறுகளில் கோலாலம்பூரில் கணினி வாங்கியவர்கள் இம்பி பிளாசாவை மறந்திருக்க மாட்டார்கள். விண்டோஸ், போட்டோஷாப் என்று அட்டைப் படங்களைக் காட்டுவார்கள்; விரலால் சுட்டினால் போதும், சில வெள்ளிக்கு வட்டு கைக்கு வரும். கிள்ளான் இரவுச் சந்தையில் தமிழ்ப் படங்களும் இப்படித்தான் விற்றன. கள்ளப் பிரதி என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். அந்த வகையில் அது ஒளிவுமறைவில்லாத வியாபாரம் என்றால் அரசுக்குக் கோபம் வரலாம்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2000இல் ஒளிவட்டுச் சட்டம் வந்தது; 2003 முதல் அசல் வட்டுகளில் ஹோலோகிராம் முத்திரை ஒட்டினார்கள். 2007இல் லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு லாப்ரடார் நாய்கள் வட்டின் வாடையை மோப்பம் பிடிக்க வந்தன. அசல் எது, போலி எது என்று அவற்றுக்கும் தெரியாது. ஒளித்து வைத்த இடத்தை மட்டும் காட்டிக்கொடுத்தன.

இன்று மோப்பம் பிடிக்க வட்டே இல்லை. ஷோப்பியிலோ லசாடாவிலோ பதினைந்து, இருபது வெள்ளிக்கு ‘அசல் விண்டோஸ் சாவி’ என்று போட்டிருக்கிறது. பணம் கட்டியதும் உரையாடலில் 25 எழுத்து வருகிறது, கணினியும் ஏற்றுக்கொள்கிறது. வாங்கியவர் தாம் நேர்மையாக வாங்கியதாகவே நினைக்கிறார். எனக்குப் பெரிய மாற்றமாகத் தெரிவது இதுதான்.

அந்தச் சாவி பெரும்பாலும் ஒரு நிறுவனத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ மொத்தமாகக் கொடுத்ததிலிருந்து கசிந்தது. சிலவகை மொத்த உரிமத்தில் கணினி 180 நாளுக்குள் ஒருமுறையாவது அந்த நிறுவனத்தின் சர்வரைத் தொட வேண்டும். தொடாவிட்டால் உரிமம் காலாவதி. வீட்டுக் கணினியின் செட்டிங்ஸில், உங்கள் நிறுவனத்தின் சேவை வழியாக விண்டோஸ் இயக்கப்பட்டது என்று இருந்தால், எந்த நிறுவனம் என்று கேளுங்கள். ‘வாழ்நாள் மைக்ரோசாப்ட் 365’ இன்னும் மோசம். அது சந்தா, அதில் வாழ்நாள் உரிமமே கிடையாது. விற்பவர் கொடுக்கும் பயனர் பெயர் யாரோ ஒருவரின் நிர்வாகத்தில் இருக்கும் கணக்கு. அதில் நீங்கள் ஏற்றும் கோப்புகளை அந்த நிர்வாகி எட்ட முடியும்.

எல்லாவற்றுக்கும் காசு தேவையுமில்லை. முத்து நெடுமாறன் எண்பதுகளில் முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கியபோது தமிழில் தட்டச்சு செய்யவே தனி மென்பொருள் வேண்டியிருந்தது. இப்போது தமிழ் விசைப்பலகை கைப்பேசியோடு வருகிறது. கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆபீஸ் இலவசம்.

பிரிக்பீல்ட்ஸில் கணக்காய்வு அலுவலகம் நடத்துபவருக்கு விஷயம் வேறு. தொழிலுக்குக் கள்ளப் பிரதி வைத்திருந்தால், 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி பிரதி ஒன்றுக்கு 2,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. ஆகவே தயாரிப்பாளரின் தளத்திலோ அவர் பட்டியலிட்ட முகவரிடமோ வாங்கி, நிறுவனத்தின் பெயரில் ரசீது கேளுங்கள். முகவரின் பதிவெண்ணை நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் தேடிப் பார்க்கலாம். வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்லித் தனிநபர் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொன்னால், அந்தக் கணக்கெண்ணை முதலில் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் போட்டுப் பாருங்கள். பணம் போய்விட்டதா, உடனே மோசடிப் புகார் எண்ணான 997ஐ அழையுங்கள்.