உங்களுக்குத் தெரியுமா? தொலைநோக்கி ஆடியில் எத்தனை கிராம்?

★ ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கியை 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அதன் முதன்மை ஆடியின் விட்டம் 2.34 மீட்டர். விண்மீன் ஒளியைத் திருப்பி அனுப்புவது அந்தக் கனத்த ஆடியின் மேல் படிந்திருக்கும் அலுமினியப் படலம் மட்டுமே. இத்தகைய பூச்சின் தடிமன் வழக்கமாக 100 நானோமீட்டர் அளவுதான். ஆடியின் பரப்பு ஏறக்குறைய 4.3 சதுர மீட்டர். அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். பெருக்கிப் பாருங்கள்: 1.16 கிராம்! மளிகைக் கடைத் தராசு அசையாது, நகைக்கடைக்குத்தான் போக வேண்டும்.

★ தூசும் ஈரமும் பட்டுப் பூச்சு மங்கும். பழையதை நீக்கிவிட்டு வெற்றிடக் கலத்தில் புதிதாகப் பூசுவார்கள். அலுமினியத்தைக் கரைக்க ஒரு வழி காஸ்டிக் சோடா எனும் சோடியம் ஹைட்ராக்சைடு. இந்த வினையில் ஓர் அலுமினிய அணுவுக்கு ஒரு மூலக்கூறு சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது 27 கிராமுக்கு 40 கிராம். நம் 1.16 கிராமுக்கு 1.72 கிராம் போதும். வெளிவரும் ஹைட்ரஜன் 0.13 கிராம்தான், ஆனால் சாதாரண அறையில் அது ஒன்றரை லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். தீக்குச்சியைத் தள்ளி வைப்பது நல்லது. சோடாவை ஒரு கிலோ கொட்டினாலும் ஹைட்ரஜன் ஒரு துளிகூட அதிகரிக்காது. முதலில் தீர்ந்துபோவது அலுமினியம். பதினோராம் வகுப்பில் மாணவர்களை மிரட்டும் ‘வினைக் கட்டுப்பாட்டுக் காரணி’ இவ்வளவுதான்.

★ 19-ஆம் நூற்றாண்டில் தொலைநோக்கி ஆடிகளுக்கு வெள்ளி பூசினார்கள். 170 கிராம் சில்வர் நைட்ரேட்டில் 108 கிராம் வெள்ளி இருக்கிறது. காவலூர் ஆடிக்கு அதே தடிமனில் வெள்ளி பூச 4.5 கிராம் தேவை. அதற்குச் சில்வர் நைட்ரேட் 7.1 கிராம். இது காகிதக் கணக்கு. நடைமுறையில் வெள்ளியில் பெரும்பகுதி ஆடியில் ஒட்டாமல் கரைசலோடு போய்விடும். ஒட்டியதும் நிலைக்காது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மம் பட்டால் கொலுசு கறுப்பதுபோல் கறுத்துவிடும்: 216 கிராம் வெள்ளி 32 கிராம் கந்தகத்தைப் பிடித்து 248 கிராம் சில்வர் சல்பைடு ஆகும். எடை கூடும், ஒளி குறையும்.

★ அலுமினியமும் காற்றில் சும்மா இருப்பதில்லை. 54 கிராம் அலுமினியம் 48 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்து 102 கிராம் ஆக்சைடு தரும். நம் படலம் முழுக்க மாறினால் 2.19 கிராம் ஆகியிருக்கும். மாறுவதில்லை. மேலே சில நானோமீட்டர் ஆக்சைடு உருவானதும் அதுவே ஆக்சிஜனை உள்ளே விடாமல் தடுத்துவிடுகிறது. ஒளியையோ தடுப்பதில்லை! 1930-களில் பெரிய வானாய்வகங்கள் வெள்ளியைக் கைவிட்டு அலுமினியத்துக்கு மாறியதற்கு இது முக்கியக் காரணம்.

★ சேரும் பொருள்களின் எடையே விளையும் பொருளின் எடை என்ற இந்தக் கூட்டல் விண்மீனுக்குள் பொய்த்துப் போகும். அங்கே ஒரு கிலோ ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது 993 கிராம்தான் மிஞ்சும். மீதி 7 கிராம் ஆற்றலாகிவிடும். நம் சூரியன் இப்படி நொடிக்கு சுமார் 40 லட்சம் டன் இழக்கிறது. வேதிவினையிலும் இழப்பு உண்டு. ஒரு கிலோ ஹைட்ரஜனை 8 கிலோ ஆக்சிஜனில் எரித்தால் 9 கிலோ தண்ணீர் கிடைக்கும். அதில் குறைவது 1.6 மைக்ரோகிராம்.